ஷூ இல்லாதவர்களுக்கு வியன்னா கிடையாது

எங்கள் கார்டு மாமா அளவுக்கு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்த மனிதர் இந்த ஆசியாக் கண்டத்திலேயே இருக்க முடியாது. ரைன் நதிக்கரையில் எந்தக் கோட்டைக்குக் கூரை இல்லை, வியன்னாவில் எந்தக் கடைக்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி கொடுப்பான், புடாபெஸ்ட்டில் எந்தப் பாலத்தில் நின்றால் காற்று குடையைப் பிடுங்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இத்தனைக்கும் யாங்கோனிலிருந்து, அதாவது பழைய ரங்கூனிலிருந்து, அவர் போன அதிகபட்ச தூரம் பக்கத்து ஊரான மாவ்பி. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. போன இடத்தில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் மறுநாளே திரும்பிவிட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. யாங்கோனில் வட்ட ரயில் ஒன்று உண்டு. ஊரைச் சுற்றிக்கொண்டு, கிளம்பிய ஸ்டேஷனுக்கே வந்து சேரும். அதில் கார்டாக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துகொண்டிருந்த மனிதர். தமிழர்களான நாங்கள் கார்டு மாமா என்போம். பர்மியர்கள் ‘ஊ கார்டு’ என்பார்கள். ஊ என்பது அங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை.

ஓய்வு பெறும்போது கொடிகளையும் விசிலையும் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்களாம். மாமா சிவப்புக் கொடியை மட்டும் ஒப்படைத்தார். பச்சைக் கொடியும் விசிலும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டன.

“நிறுத்துறது நமக்கு எதுக்குத் தம்பி? போவச் சொல்றதுதான் நம்ம வேலை” என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

கியாக்டடா என்கிற பேட்டையில், சூலே பகோடா என்கிற புத்தர் கோயிலுக்குப் பின்னால் நடக்கிற தூரத்தில் எங்கள் கட்டடம். ஆறு மாடி. லிஃப்ட் கிடையாது. மாடி ஏறச் சோம்பல்பட்டு அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த அருமையான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கிளிப். பேப்பர்காரன் கீழேயிருந்து கயிற்றை இழுப்பான், மேலே மணி அடிக்கும், நாம் பேப்பரைத் தூக்கிக்கொள்ளலாம். கார்டு மாமா ஆறாவது மாடி. நான் மூன்றாவது. மேலே அவர், அவருடைய கொடி, அவருடைய ஒரே மகள் செல்வியின் பள்ளிக்கூட போட்டோ. செல்வி சின்னப் பெண்ணாக இருந்தபோதே மாமாவின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தச் செல்விதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஹோட்டல் வேலை படித்துவிட்டு ஐரோப்பாவில் கப்பல் வேலைக்குப் போனாள். கடல் கப்பல் இல்லை, ஆற்றுக் கப்பல். பணம் படைத்த கிழவர்களும் கிழவிகளும் அதிலேயே தூங்கி, அதிலேயே விருந்து சாப்பிட்டு, தினமும் காலையில் வேறொரு பழைய ஊரில் கண் விழிப்பார்கள். வழிகாட்டி ஒரு நம்பர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, காதில் மெஷினை மாட்டிக்கொண்டு பின்னால் போய்க் கோட்டை பார்ப்பார்கள். அவர்கள் கோட்டையைப் பார்க்கும் நேரத்தில் செல்வி அவர்களுடைய தலையணை உறைகளைப் பார்ப்பாள். மதியம் அவளுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. அப்போது போனைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கி அப்பாவை வீடியோவில் கூப்பிடுவாள். அது எங்களுக்குச் சாயங்காலம்.

ஒரு நாள் குப்பையைக் கொட்டக் கதவைத் திறந்தேன். வாசலை ஒட்டிய மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் பக்கமாகக் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார் கார்டு மாமா. கையில் போன். அந்த முழுக் கட்டடத்திலும் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் என் வீட்டு வாசல்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

“தம்பி, கொஞ்சம் ஒதுங்கி நில்லு. கொலோன் வந்துக்கிட்டிருக்கு.”

ஒதுங்கி நின்றேன். கொலோன் வந்தது. குப்பைக் கூடையும் கையுமாக அந்த மாபெரும் தேவாலயத்தின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். அதோடு என் சாயங்காலங்கள் முடிந்தன.

ஒரு வாரத்துக்குள் என் வாசல் துறைமுகமாகிவிட்டது. மாமா சாயங்காலம் தெருவில் இறங்கி, வரிசையாக எல்லா மாடிக் கயிற்றையும் இழுப்பார். கட்டடம் முழுக்க மணி அடிக்கும். எல்லாரும் பால்கனியில் எட்டிப் பார்ப்பார்கள்.

“வியன்னா! வியன்னா! ஏறுறவங்க ஏறலாம்!”

கீழ்த்தளத்தில் மொஹிங்கா விற்கிற அம்மாள் டோ ஏ வருவார். மீன் குழம்பில் சேமியா மாதிரி மிதக்கிற அந்த மொஹிங்காவைச் சாப்பிடாமல் எங்கள் தெருவில் யாருக்கும் பொழுது விடியாது. இரண்டாவது மாடியிலிருந்து, செல்போன் ரிப்பேர் செய்கிற கோ மியோ. வி.பி.என். போட்டு வீடியோவை வரவழைப்பது அவன் பொறுப்பு. நாலாவது மாடியிலிருந்து ரோசம்மா டீச்சர். அப்புறம் நானும் என் மனைவியும். எங்களைத் தவிர, அன்றன்றைக்கு மாமாவிடம் சிக்கிக்கொள்கிற இரண்டு மூன்று பேர். எல்லாரும் படிகளில் உட்காருவோம். மாமா ஜன்னல் கம்பியில் போனைக் கட்டி, பச்சைக் கொடியை அசைத்து, ஒரு விசில் அடிப்பார். கப்பல் புறப்படும்.

முதல் தகராறு செருப்பில் வந்தது.

“டேய், நில்லு. வியன்னாவுக்குச் செருப்போட வர்றியா?”

கோ மியோ குனிந்து தன் காலைப் பார்த்தான். எங்கள் ஊரில் பேங்க் மேனேஜர்கூடக் கைலி மாதிரி லோஞ்சி கட்டிக்கொண்டு, வெல்வெட் வார் வைத்த செருப்புதான் போடுவார். இருந்தாலும் மாமா அசைந்து கொடுக்கவில்லை. ராஜா ராணி கோச்சு வண்டியில் போன தெருவாம். ஷூ இல்லாதவர்களுக்கு வியன்னா கிடையாது என்று படியை மறித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கோ மியோ ஃபுட்பால் ஷூவோடு வந்தான். அவனிடம் இருந்த ஒரே ஷூ அதுதான். படியில் அவன் இறங்கி வந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். டோ ஏ மழைத் தண்ணீரில் போட்டுக்கொள்கிற முழங்கால் வரை ரப்பர் பூட்ஸில் வந்தார். ரோசம்மா டீச்சர் தன் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளை ஷூவைத் தேடி எடுத்தார். அதில் கால் பாதிதான் நுழைந்தது. மீதிக் கால் வெளியிலிருந்து வியன்னா பார்த்தது. நான் லோஞ்சிக்குக் கீழே ஆபீஸ் ஷூ. செல்வி போனில் எங்களைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த ஆற்றில் சில பாலங்கள் ரொம்பத் தாழ்வு. கப்பல் அடியில் நுழையும்போது மேல்தளத்துக் கம்பிகளை மடக்கிவிடுவார்கள், கேப்டனின் அறையே கீழே இறங்கிவிடும். செல்வி ஒரு நாள் அதைக் காட்டினாள். பாலம் நெருங்க நெருங்க மாமா பதறினார்.

“தலை! தலை! எல்லாரும் தலையைக் குனி!”

படியிலிருந்த அத்தனை பேரும் குனிந்தோம். நான் குனிந்த வேகத்தில் முன்படியிலிருந்த கோ மியோவின் மண்டையில் முட்டிக்கொண்டேன். பாலம் தாண்டிய பிறகும் டோ ஏ நிமிரவில்லை.

“ஊ கார்டு, போயிடுச்சா? இடிக்கலயே?”

“யாபாடே, யாபாடே” என்றார் மாமா. பரவாயில்லை என்பதற்குப் பர்மிய மொழியில் அப்படிச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, பாலத்தைக் கட்டியவனைத் தமிழில் திட்டினார்.

வியன்னாவின் பெரிய தேவாலயத்தைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிச் செல்வி இடமாகச் சுற்ற ஆரம்பித்தாள். மாமா விசிலை ஊதிவிட்டார்.

“நில்லு! அப்பிரதட்சணமாவா சுத்துற? திரும்பு, திரும்பு. வலமா வா!”

“அப்பா, இங்க அப்படில்லாம் யாரும் பாக்கறதில்லப்பா. எனக்கு டைம் இல்ல.”

“யாரும் பாக்காட்டிப் போவுது. சாமி பாக்கும்ல?”

பகோடாவையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பதால் டோ ஏயும் அவர் கட்சி. செல்வி பாதி வழியில் திரும்பினாள். எதிரே நம்பர் அட்டைகளோடு மூன்று சுற்றுலாக் கூட்டம் வந்தது. ‘எக்ஸ்க்யூஸ் மீ’ சொல்லிச் சொல்லி அத்தனை பேரையும் பிளந்துகொண்டு அந்தப் பெண் வலம் வந்தாள். வட்ட ரயில் கார்டின் மகள்தானே, ஒரு சுற்றுக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எங்கள் தெரு இன்றைக்கும் பேசுவது ரீகன்ஸ்பர்க்கைத்தான். அது டானியூப் நதிக்கரையில் ஒரு பழைய ஊர். செல்வி அங்கே ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்தாள்.

“ம்ம், கழட்டுங்க” என்றார் மாமா.

ஷூவை என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோயிலுக்குள் போகிறோம், ஷூவோடு எப்படிப் போவது? டோ ஏ ஏற்கெனவே ரப்பர் பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தார். பகோடாவில் உட்காருவது போலக் காலை மடக்கி, பாதம் போனைப் பார்த்துவிடாதபடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

“நாங்க சர்ச்சுக்கு ஷூ போட்டுக்கிட்டுத்தாண்ணே போவோம்” என்றார் ரோசம்மா டீச்சர். அதை மாட்டுவதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

“உங்க சாமி ஒண்ணும் சொல்லாது டீச்சர். நமக்குன்னு ஒரு மருவாதி இருக்குல்ல?”

டீச்சரும் கழற்றினார். உள்ளே ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீலமும் சிவப்புமாக ஜொலித்தது. டோ ஏ கையைக் கூப்பினார். அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே உறைந்து, இருண்டு, போய்விட்டது. தொடர்ந்து கரண்டும் போயிற்று. கோ மியோ என்னென்னவோ செய்து பார்த்தான். லைன் வரவே இல்லை. இருட்டில் கொசுக்கள் எங்கள் வெறுங்காலைக் கண்டுபிடித்தன.

“மாமா, ஷூவப் போட்டுக்கவா? கொசு பிடுங்குது” என்றேன்.

“கோயிலுக்குள்ள ஷூ போடுவியா நீ?”

“கோயில்தான் போயிடுச்சே?”

“கோயில் எங்க போவும்? லைன்தான் போயிருக்கு. நாம உள்ளதான் நிக்கிறோம்.”

டோ ஏ பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு அரிசி ஊறவைக்கப் போனார். நாங்களும் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம். மறுநாள் சாயங்காலம் எல்லாரும் வெறுங்காலோடுதான் வந்தோம். செல்வி கூப்பிட்டாள். கப்பல் ராத்திரியே கிளம்பி பசாவ் என்கிற அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தது.

“அப்பா, பசாவ் பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு!”

“நீ வந்துட்டம்மா. நாங்க இன்னும் ரீகன்ஸ்பர்க் கோயிலுக்குள்ளயே இல்ல நிக்கிறோம்?”

போனைத் திருப்பி எங்கள் கால்களைக் காட்டினார். செல்வி போனை நெருக்கிப் பிடித்து ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்து பசாவில் இருந்த ஒரு தேவாலயத்துக்குள் போனாள். போனை மார்போடு பிடித்துக்கொண்டு மெதுவாக வாசல் வழியாக வெளியே வந்தாள்.

“எல்லாரும் வந்துட்டீங்களா? யாராச்சும் உள்ள மாட்டிக்கிட்டீங்களா?”

ரோசம்மா டீச்சர்தான் எங்களை எண்ணிப் பார்த்து, எல்லாரும் வந்தாயிற்று என்றார். நாங்கள் ஷூ மாட்டிக்கொள்ளும் வரை அவள் அந்தத் தேவாலயப் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

எதற்கும் ஒரு அளவு உண்டு அல்லவா? நாளாக ஆக எங்களுக்கு ஐரோப்பா சலித்துவிட்டது. முதலில் வாயைத் திறந்தவன் கோ மியோ.

“எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் ஊ கார்டு. ஒரு ஆறு, ஒரு கோயில், ஒரு மைதானம், நடுவுல குதிரை மேல ஒரு ஆள்.”

“குதிரை வேற வேற குதிரைடா! போன ஊர்ல இடது கால் தூக்கியிருந்துச்சு. இங்க வலது கால். கண்ணு எங்க வச்சிருக்கே?”

கூட்டம் குறையக் குறைய மாமாவின் தொல்லை கூடியது. மணி அடித்தால் நாங்கள் பால்கனிப் பக்கமே போகமாட்டோம். ஒருத்தர் கயிற்றைக் கழற்றியே விட்டார். மாமா விடுவாரா? கப்பலில் விருந்து போடுவார்கள் என்று சொல்லி, பயாஜோ என்கிற பருப்பு வடையைக் கூடை நிறைய வாங்கி வந்து படியில் வைத்தார். வடைக்கு வந்தவர்கள் வடையோடு இறங்கிப் போனார்கள். ‘மனுஷன் பெண்ணோடு பேசினால் பேசிவிட்டுப் போகவேண்டியதுதானே, நம்மை ஏன் இழுக்கிறார்?’ என்று என் மனைவியிடம் நானே எரிந்து விழுந்திருக்கிறேன்.

நல்ல மழைக்காலத்தில் ஒரு நாள். தெருவில் முழங்கால் தண்ணீர். மாமா எல்லாக் கயிற்றையும் இழுத்துவிட்டுச் சொட்டச் சொட்ட மேலே வந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. என் வாசல் என்பதால் எனக்கு ஒளிய இடமில்லை. நான் மட்டும் நின்றேன். போன் அடித்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எடுங்க மாமா.”

“ஆள் இல்லியே.”

“நான் இருக்கேனே?”

“ஒரு ஆளுக்காகக் கப்பல் விட முடியுமா?”

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே அந்தப் பெண் வேலைக்கு நடுவே கூப்பிடுகிறாள், இங்கே இந்த மனிதர் டிக்கெட் பார்க்கிறார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாமா படியில் உட்கார்ந்தார். நனைந்த போனைப் பச்சைக் கொடியால் துடைத்தார்.

“தனியாப் பேசுனா அவ அழுதுருவா தம்பி.”

நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

“போன மொத வருசம் பூரா அப்படித்தான். ‘சாப்பிட்டியாம்மா’ன்னு கேப்பேன், அழுவா. ‘சாப்பிட்டேன்பா’ன்னு சொல்லிட்டு அழுவா. போன் ரெண்டு பக்கமும் அழுகை. வேற ஒண்ணும் பேசுனதா நெனப்பே இல்ல. ஒரு நாளு கொலோன்ல நின்னுக்கிட்டு அவ பேசறப்ப, கதவத் தொறந்து நீ வந்தே, குப்பைக் கூடையோட. ஒன்னைப் பாத்ததும் மொகத்தத் தொடச்சிக்கிட்டா. ‘அண்ணே, நல்லாருக்கீங்களா, இது கொலோன்’னா. அன்னைக்குத்தான் எம்மவ சிரிச்சா. நாலு பேரு எதுக்க அவ அழ மாட்டா. எங்க வம்சத்துக்கே கூச்சம் ஜாஸ்தி.”

“அதுக்காகவா மாமா இந்த ஷூ, கொடி, எல்லாம்?”

“அது வியன்னாவுக்கு” என்றார் சற்றுக் கோபமாக.

அவர் கழுத்திலிருந்த விசிலை நான் கழற்றினேன். ஆறு மாடிக்கும் ஓடினேன். நடுவயதில் விசில் அடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. டோ ஏ ரப்பர் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். கோ மியோ தூக்கக் கலக்கத்தில் ஃபுட்பால் ஷூவை மாற்றி மாட்டிக்கொண்டு வந்தான். செல்வி மறுபடி கூப்பிட்டபோது படி முழுக்க ஆட்கள்.

“ஏம்ப்பா மொதல்ல எடுக்கல?”

“ஆள் ஏறிக்கிட்டிருந்தாங்கம்மா. மழை பாரு” என்றார் மாமா.

அதன் பிறகு எங்கள் கப்பலில் இடம் காலியாக இருந்ததே கிடையாது. குதிரையைப் பற்றிக் கோ மியோ ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்தக் கால் தூக்கியிருக்கிறது என்று அவனே முந்திக்கொண்டு சொல்வான்.

மழை ஓய்ந்த சமயம் ஒரு சாயங்காலம், புடாபெஸ்ட்டில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு செல்வி சொன்னாள்.

“அப்பா, என் காண்ட்ராக்ட் முடியுது. இன்னொண்ணு போடுறதா, ஊருக்கு வர்றதான்னு கேக்கறாங்க. வந்துடட்டுமாப்பா?”

ராணுவ ஆட்சியில் ஊர் இருந்த நிலைமை எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெளியே போன இளசுகள் திரும்பி வந்தால் மறுபடி வெளியே போக முடியுமா என்று யாராலும் சொல்ல முடியாத காலம். எத்தனையோ வீடுகளில், வராதே என்று பெற்றவர்களே போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா போனைப் பார்த்தார். அவருடைய கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

“நல்லாச் சொன்னே போ. நீ வந்துட்டா எனக்கு புடாபெஸ்ட்ட எவ காட்டுவா? போன தடவ மழையில ஒண்ணுமே தெரியல. பாலத்தைக்கூட ஒழுங்காப் பாக்கல. அதெல்லாம் முடிச்சிட்டு வா, மெதுவா.”

டோ ஏ உடனே, தானும் அந்தப் பாலத்தைப் பார்க்கவில்லை என்றார். பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று படி முழுக்கக் குரல் எழுந்தது. செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு எங்களையெல்லாம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எழுந்து பாலத்துப் பக்கம் நடந்தாள். மாமா விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. இரண்டாம் முறைதான் சத்தம் வந்தது.

அடுத்த வருஷம் நான் வேலை பார்த்த கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. சென்னை வியாசர்பாடியில் இருக்கும் மைத்துனன் ஒரு வேலை பார்த்துக் கொடுத்தான். என் விசா முதலில் வந்தது. மனைவிக்கு வரத் தாமதமாகும் என்றார்கள். நான் மட்டும் கிளம்பினேன். டாக்சியில் ஏறும்போது ஆறாவது மாடிப் பால்கனியில் மாமா நின்று, பச்சைக் கொடியை அசைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். கையில் சிவப்புக் கொடி இல்லாமல் போயிற்றே என்று அன்றைக்கு அவர் வருத்தப்பட்டதாக என் மனைவி பிறகு சொன்னாள்.

வியாசர்பாடியில் முதல் வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். ராத்திரியில் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, யாராவது கீழேயிருந்து கயிற்றை இழுத்து மணி அடிக்கமாட்டார்களா என்று கிடந்தேன். தினம் மனைவியைக் கூப்பிடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். அப்புறம் இரண்டு பேரும் பேசமாட்டோம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கும். சிக்னலுக்காக அவள் நின்று பேசுவது அதே மாடிப்படித் திருப்பத்தில். மேலே இருக்கிறவருக்குக் கேட்காமலா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. எடுத்தேன். என் வீட்டு வாசல். படி முழுக்க ஆட்கள். ரப்பர் பூட்ஸ், ஃபுட்பால் ஷூ, பாதி நுழைந்த வெள்ளை ஷூ. நடுவில் என் மனைவி, எங்கேயோ இரவல் வாங்கிய கேன்வாஸ் ஷூவில். ஓரத்தில் பச்சைக் கொடி.

கூட்டம் எதற்கு என்று தெரிந்தவன் அல்லவா நான். அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“என்னா தம்பி முழிக்கிறே? மெட்ராஸ் பாக்க வந்திருக்கோம். ம், காட்டு. மொதல்ல ஒன் காலைக் காட்டு.”

காட்டினேன். ரப்பர் செருப்பு.

“ஷூ எங்க?”

உள்ளே ஓடி ஆபீஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தேன். கைலிக்குக் கீழே ஷூவோடு வியாசர்பாடித் தெருவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பர்மாவிலிருந்து அந்தக் காலத்திலேயே வந்தவர்கள் அங்கே அத்தோ என்கிற நூடுல்ஸும் மொஹிங்காவும் விற்கிறார்கள். மொஹிங்காப் பானைக்குள் போனை நீட்டிக் காட்டினேன்.

“குழம்பு தண்ணி” என்று டோ ஏ அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னார். “மீனைக் கண்ணுலயே காட்டலை!”

கடைக்காரருக்குப் பர்மிய மொழி தெரிந்திருந்தது. அவரும் பதிலுக்கு ஏதோ சொல்ல, யாங்கோனுக்கும் வியாசர்பாடிக்கும் சண்டை மூண்டது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

தெருக்கோடியில் ஒரு பிள்ளையார் கோயில். வாசலில் ஷூவைக் கழற்றினேன். போனில் எல்லாரும் குனிவது தெரிந்தது. உள்ளே போனேன். வலமாகத்தான் சுற்றினேன், விசிலுக்கு யார் பதில் சொல்வது? பிள்ளையாருக்கு நேரே வந்து நின்றபோது படம் உறைந்தது. கூப்பிய கைகளோடு டோ ஏ, கண்ணை மூடிய என் மனைவி, கொடியைக் கக்கத்தில் இடுக்கிய மாமா. அப்புறம் அதுவும் போய்விட்டது. அங்கே கரண்ட் போயிருக்கும்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. குருக்கள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.

“சார், நடை சாத்தணும்.”

“கொஞ்சம் பொறுங்க சாமி. எங்க ஆளுங்க இன்னும் உள்ள இருக்காங்க.”

அவர் காலியான பிராகாரத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். என்னையும் கையிலிருந்த போனையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் வெறுங்காலோடு உட்கார்ந்தேன். கொசு கடித்தது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. கார்டு மாமா கொடி காட்டாமல் நான் எங்கே கிளம்பிப் போவது?